உட்கார முடியாதவன் போட்ட கணக்கு

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க கையைக் கழுவிட்டு அப்புறமா வாங்க. சீழ், மயிர், பிட்டம் எல்லாம் வரும். நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா இந்த விஷயத்துல ரெண்டு தடவை கத்தி பட்டவன்.

போன ஞாயித்துக்கிழமை பழவேற்காட்டுக்கு, எங்க ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பையன் திண்ணையில குப்புறப் படுத்துக் கிடந்தான். பகல் பதினோரு மணிக்கு படகுப் பக்கமோ ஏலக்கடைப் பக்கமோ நிக்க வேண்டிய ஆள்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா. கட்டி."

"எங்க?"

பதில் இல்லை. மூஞ்சைத் திருப்பிக்கிட்டான். எனக்குப் புரிஞ்சு போச்சு. இதே திண்ணையில, இதே மாதிரி குப்புற, இதே மாதிரி பதில் சொல்லாம படுத்திருந்தவன் நான். ரெண்டு பிட்டமும் சேர்ற பள்ளத்துல, வால் எலும்புக்கு நேரா, ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. அதுக்குப் பக்கத்துல சிவந்து வீங்கின கட்டி. பைலோனிடல் சைனஸ். 1880ல பாஸ்டன்ல ஹாட்ஜஸ்ங்கற டாக்டர் வச்ச பேரு. லத்தீன்ல பைலஸ்னா மயிர், நைடஸ்னா கூடு. தமிழ்ல மயிர்க்கூடுன்னு சொல்லலாம். சொன்னா திட்டற மாதிரி இருக்கும், ஆனா அதுதான் உண்மை.

தலையணைக்கு அடியில இருந்து ஒரு நோட்டீஸ் எடுத்துக் குடுத்தான். மெட்ராஸ்ல ஏதோ ஒரு கிளினிக். மூலம், பவுத்திரம், ஆசனவெடிப்பு, பைலோனிடல், நாலுக்கும் ஒரே பதில்: லேசர். கத்தி இல்லை, தையல் இல்லை, காலையில வந்து சாயங்காலம் வீடு. போன் பண்ணி கேட்டிருக்கான். பேக்கேஜ் ஒண்ணேகால் லட்சமாம், இந்த வாரம் வந்தா தள்ளுபடியாம். சித்தி கழுத்துல செயினைக் காணோம். கேட்டா "அழுக்கு எடுக்கக் குடுத்திருக்கேன்"னு சொன்னாங்க. எங்க ஊர்ல அடகுக் கடைக்கு அதுதான் பேரு.

அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

முதல்ல என் கதை. சுருக்கமா முடிச்சுடறேன். 2019, காலேஜ் முடிச்சு முதல் வேலை, ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம் நாற்காலி. கட்டி வந்துது, வெளிய யார்கிட்டயும் சொல்லலை, ரூம்மேட்கிட்ட சூட்டுக் கட்டின்னேன். ஆயாகிட்ட மூலம்னேன். (மூலம்னா பரவாயில்லையாம், கௌரவமான வியாதி!) ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சர்ஜன் ரெண்டு நிமிஷம் பாத்தாரு. "எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டு தச்சுடலாம்"னாரு. வேற வழி இருக்கான்னு கேக்கணும்னே எனக்குத் தோணலை. அவரும் சொல்லலை. பள்ளத்துக்கு நேர் நடுவுல வெட்டி, நேர் நடுவுலயே தையல். ஒன்பதாம் நாள் தையல் பிரிஞ்சுது. அப்புறம் மூணு மாசம் தினம் கட்டு. லாக்டவுன் வந்து ஊருக்கு வந்தப்பவும் புண்ணு முழுசா ஆறலை. மீன் பெட்டி ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மேல லேப்டாப்பை வச்சு, நின்னுக்கிட்டே கோட் அடிச்சேன். கிளையண்ட் காலும் நின்னுக்கிட்டேதான். 2021ல திரும்ப வந்துது. 2022ல வேற ஒரு சர்ஜன் வேற மாதிரி பண்ணாரு. அன்னையிலிருந்து இன்னைக்கு வரை உட்கார்ந்துதான் இருக்கேன்.

அந்த "வேற மாதிரி" என்னன்னு முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இந்த நோய்க்கு எதுக்கு இத்தனை ஆபரேஷன்னு புரியணும்னா ஒரு பழைய சண்டை தெரியணும். இந்த மயிர் எங்கேர்ந்து வருது? பிறவியிலேயே தோலுக்கு அடியில ஒரு பை இருக்கு, அதுலதான் முளைக்குதுன்னு ரொம்ப நாள் நம்பினாங்க. அப்படி நம்பினா என்ன பண்ணுவீங்க? பையைத் துளி விடாம, எலும்பு வரைக்கும் தோண்டி எடுப்பீங்க. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல 75,000 பேருக்கு மேல இதுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. குலுங்கற ஜீப்ல உட்கார்ந்தவங்களுக்கு நிறைய வந்ததால 1944ல பூயிங்கற டாக்டர் இதை ஜீப் வியாதின்னே எழுதினாரு. தோண்டினாங்க, மாசக்கணக்குல படுக்க வச்சாங்க, திரும்ப வந்துது, திரும்பத் தோண்டினாங்க.

1948ல இங்கிலாந்துல பேட்டி, ஸ்கார்ஃப்னு ரெண்டு பேர் ஒரு முடிதிருத்துறவரோட கையைப் பத்தி எழுதினாங்க. விரலுக்கு நடுவுல அதே கூடு, அதே மயிர். விரலிடுக்குல எவனுக்காவது பிறவிப் பை இருக்குமா? வெட்டின முடி வெளியிலிருந்து தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிருக்கு. பின்னாடியும் அதே கதைதான்னு அவங்க வாதம். 2018ல ஜெர்மன் ஆராய்ச்சிக்காரங்க கூட்டுக்குள்ள இருந்த மயிரை எடுத்து சோதிச்சாங்க. நிறைய, வேரே இல்லாத, முனை கூரா வெட்டுப்பட்ட துண்டுகள். தலைமுடித் துண்டுகளும் இருந்துது. சலூன்ல வெட்டின முடி சட்டைக்குள்ள விழுந்து முதுகு வழியா இறங்கி பள்ளத்துல உட்கார்றது நடக்கக் கூடிய காரியம்தான். (அதுலேர்ந்து முடி வெட்டினதும் நேரா குளிக்கிறேன். ஆயா இதை அறுபது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு, வேற காரணத்துக்காக.)

ஆக, குத்தம் உள்ள இருக்கற பை மேல இல்லை. பள்ளம் மேல. ஆழமா, ஈரமா, காத்து படாம, உட்கார்ந்து எழும்போதெல்லாம் உராஞ்சு மயிரை உள்ள இழுக்கற பள்ளம். கிரேக்க ராணுவ மருத்துவர் கரிடாக்கிஸ் இதைப் பிடிச்சுக்கிட்டாரு. வெட்டறதை நடுவுல வெட்டாதே, ஒரு பக்கமா வெட்டு, தோலை இழுத்துத் தையலைப் பள்ளத்துக்கு வெளிய கொண்டு போ, பள்ளமும் மேடாகும்னாரு. 1973ல லான்செட்ல எழுதினாரு, 1992ல எழுதறப்போ 7,000 பேருக்கு மேல பண்ணி முடிச்சிருந்தாரு. அமெரிக்காவுல பாஸ்கம்னு ஒருத்தர் கிட்டத்தட்ட இதே யோசனையில பள்ளத்தையே தூக்கி ஆழத்தைக் குறைக்கற முறை கொண்டு வந்தாரு. எனக்கு 2022ல பண்ணது இந்த வகைதான். லிம்பர்க்னு ரஷ்ய சர்ஜன் பேர்ல ஒண்ணு இருக்கு, சாய்சதுரமா வெட்டி பக்கத்துத் தோலைத் திருப்பி வச்சுத் தைக்கறது. நம்ம ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகள்ல பல சர்ஜன்களுக்குக் கைப்பழக்கம் உள்ளது இதுதான். தழும்பு பட்டம் மாதிரி இருக்கும், கொஞ்ச இடம் மரத்துப் போகும். பின்னாடிதானே, யார் பாக்கப் போறாங்க?

இப்ப என் முதல் ஆபரேஷனுக்கு வர்றேன். நடுவுல வெட்டி நடுவுல தைக்கறது. தையல் உட்கார்ற இடமே அந்தப் பள்ளம்தான். நோய்க்குக் காரணமான இடத்துலயே புதுசா ஒரு காயத்தை உண்டாக்கி விடறது. 2010ல காக்ரேன் அமைப்பு 26 ஆய்வு, 2,530 பேரைச் சேர்த்துப் பாத்து சொன்னது: தைக்கறதா இருந்தா நடுக்கோட்டை விட்டு விலகித் தைக்கறதுதான் வழக்கமா இருக்கணும். எனக்கு ஆபரேஷன் 2019ல. ஒன்பது வருஷம்! ஒரு லைப்ரரியில பக் இருக்குன்னு ரிப்போர்ட் வந்து ஒன்பது வருஷம் கழிச்சும் அதையே புரொடக்ஷன்ல ஓட்டினா எங்க ஆபீஸ்ல விட்டு வைப்பாங்களா?

"டாக்டர்கிட்ட போய் கூகுள் பண்ணிட்டுப் பேசாதே"ன்னு ஒரு கோஷ்டி வரும், தெரியும். அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. நூறு லிம்பர்க் பண்ண கை, வீடியோ பாத்துட்டு முதல் தடவையா பண்ற கரிடாக்கிஸை விட நல்லது. எந்த ஆபரேஷன்ங்கறதுல பாதி, யார் கைங்கறதுதான். மீதிப் பாதிக்கு என்ன பதில்? சமீரா கோலி வழக்குல 2008ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, சம்மதம் வாங்கறதுன்னா அந்த சிகிச்சையோட நன்மை, ஆபத்து, அதுக்கு மாற்று என்ன இருக்குங்கறதையும் சொல்லித்தான் வாங்கணும்னு. நான் கையெழுத்துப் போட்ட தாள்ல மாற்றுன்னு ஒரு வார்த்தை இல்லை.

சரி, லேசர். லேசர் மோசடின்னு நான் சொல்லலை. மெல்லிசா ஒரு ஃபைபரை ஓட்டை வழியா விட்டு, மயிரை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, பாதையை உள்ளிருந்து சுட்டு மூட வைக்கறாங்க. சின்ன நோய்க்கு நல்லாவே இருக்கலாம், வலி கம்மி, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனா இதுக்கு இருக்கற ஆய்வுகள்ல பெரும்பாலானது ஒரே ஆஸ்பத்திரி தன் நோயாளிகளைத் தானே எண்ணிப் பாத்தது, அதுவும் ஒண்ணு ரெண்டு வருஷம். இந்த நோய் பத்து வருஷம் கழிச்சும் திரும்பி வர்ற ஜாதி. நோட்டீஸ்ல "நிரந்தரத் தீர்வு"ன்னு அடிக்கிறவங்க எந்தப் பத்து வருஷத்தைப் பாத்துட்டு அடிக்கிறாங்க?

அதை விடுங்க. சின்ன நோய்க்கு சின்ன வைத்தியம்னா லேசர் மட்டும்தானா? பாஸ்கம் 1980லயே சொன்ன முறை இருக்கு. அந்த ஓட்டைகளை மட்டும் அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்துட்டு, பக்கவாட்டுல ஒரு கீறல் போட்டு உள்ள சுத்தம் பண்றது. மரத்துப் போற ஊசி போதும். இஸ்ரேல்ல கிப்ஸ்னு ஒருத்தர் குழல் மாதிரி ஒரு கத்தியால இதையே பண்ணி 1,358 பேரோட கணக்கை 2008ல வெளியிட்டாரு. பத்து வருஷத்துல சுமார் 16 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துதுன்னு ஒளிக்காம எழுதியிருக்காரு. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆறு பேர்ல ஒருத்தருக்கு வரும், ஆனா மத்த அஞ்சு பேர் பெரிய வெட்டு இல்லாம தப்பிச்சாங்க. இதை வச்சு ஒரு ஆள் முடிவு எடுக்கலாம்.

அப்புறம் ஃபீனால். 1964லயே வந்தது. பளிங்கு மாதிரி இருக்கற ஃபீனாலை ஓட்டைக்குள்ள வச்சு கூட்டைக் கருக்கறது. துருக்கியில நிறைய பண்றாங்க. அங்க 2017ல 140 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஃபீனால், மறு பாதிக்கு வெட்டித் திறந்து விடறது. ஃபீனால் கோஷ்டிக்குப் புண்ணு ஆற சராசரி 16 நாள், வெட்டின கோஷ்டிக்கு 40 நாள். திரும்ப வர்றதுல பெரிய வித்தியாசம் இல்லை. இதுக்கு நம்ம ஊர்ல ஒரு போஸ்டர் பாத்திருக்கீங்களா? ஃபீனால் பாட்டிலுக்கு யார் போஸ்டர் அடிப்பா? (கை ஜாக்கிரதை மக்களே. இது ஆஸ்பத்திரியில, சுத்தித் தோலுக்கு மருந்து தடவிப் பண்ற வேலை. வீட்ல ஃபினாயில் ஊத்திக்கிட்டு என்னைத் திட்டாதீங்க.)

க்ஷாரசூத்திரக் கட்டுன்னு ஆயுர்வேதத்துலயும் விளம்பரம் வருது. அரசாங்கமே ஆய்வு பண்ணி ஒத்துக்கிட்டதுன்னு சொல்வாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பண்ண ஆய்வு 1991ல வந்தது உண்மைதான். ஆனா அது பவுத்திரத்துக்கு. பவுத்திரம் ஆசனவாய்க்குள்ள போய்ச் சேர்ற பாதை, இது அங்க போகவே போகாத பாதை. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லி வைத்தியம் பண்றவர் யாரா இருந்தாலும், எந்த முறையா இருந்தாலும், எழுந்து வந்துடுங்க.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. இந்த நோய்ல நல்ல ஆதாரம் உள்ள லேசர் ஒண்ணு நிஜமாவே உண்டு. அது நோட்டீஸ்ல இருக்கறது இல்லை. மயிரை நீக்கற லேசர். தோல் டாக்டர்கிட்ட இருக்குமே, அது. அமெரிக்காவுல 11 வயசுலேர்ந்து 21 வயசு வரை 302 பேரை வச்சு நடத்தின ஆய்வு 2024ல வந்தது. வழக்கமான கவனிப்போட இந்த லேசரும் சேர்த்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வந்தது 10.4 சதவீதம். சேர்க்காதவங்கள்ல 33.6 சதவீதம். ஷேவ் பண்ணா போதாதான்னு கேப்பீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பிளேடால வருஷக்கணக்கா வழிச்சவங்களுக்கு அதிகமா திரும்ப வந்ததா ஜெர்மனியில 2009ல ஒரு ஆய்வு இருக்கு. வெட்டுப்பட்ட கூரான துண்டுன்னு மேல சொன்னேனே, யோசிச்சுப் பாருங்க.

இப்ப தம்பிக்கு வர்றேன். எனக்குச் சரியா இருந்த ஆபரேஷன் அவனுக்கும் சரியா இருக்கும்னு நினைச்சுத்தான் அன்னைக்குத் திண்ணையில பேச ஆரம்பிச்சேன். அரை மணி நேரத்துல வாயை மூடிட்டேன்.

எங்க பக்கம் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மாதிரி ஊர்கள்ல பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. ஏரியில எந்த இடத்துல எந்த நாள் யார் வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்கறது. பல தலைமுறையா நடக்குது. முறை வர்ற நாள்ல வலை கட்டலைன்னா அந்த நாள் போச்சு. மழைக்கு அப்புறம் இறால் வர்ற மாசங்கள்ல ஒரு நாள் போறதுங்கறது பள்ளிக்கூட ஃபீஸ் போறது மாதிரி. ராக்கெட் விடற அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கம் போகாதேன்னு தடுக்கறாங்களே, அந்த ஒரு நாளுக்கே எங்க சித்தப்பா பொலம்புவாரு. எனக்கு மெடிக்கல் லீவு இருந்துது, இன்சூரன்ஸ் கார்டு இருந்துது, நின்னுக்கிட்டு பண்ற வேலை இருந்துது. இவன் இடுப்பளவு உப்புத் தண்ணியில நிக்கணும், ஈரப் பலகை மேல உட்காரணும். திறந்த புண்ணோட உப்பங்கழித் தண்ணியில இறங்கக் கூடாது, விப்ரியோன்னு ஒரு வகைக் கிருமி இந்த மாதிரி வெதுவெதுப்பான உவர்த் தண்ணியில இருக்கும், புண்ணு வழியா உள்ள போனா ஆளையே சாய்ச்சுடும்.

வெட்டித் திறந்து விடற ஆபரேஷனை எடுத்துக்குங்க. பாக்க எளிசு, தையல் பிரியற பயம் இல்லை, எந்த சர்ஜனும் பண்ணலாம், அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. ஆறதுக்கு ஒரு மாசத்துலேர்ந்து மூணு மாசம் வரை கூட ஆகும், தினம் கட்டு மாத்தணும். யார் மாத்தறது? நம்ம முதுகுக்குக் கீழ நம்மால பாக்க முடியாது. கல்யாணம் ஆகாத இருபத்தி மூணு வயசுப் பையன் அம்மாகிட்ட குனிஞ்சு நிப்பானா? நிக்கலை. அதனாலதான் ஆறு மாசமா சீழ் வடிஞ்சும் சொல்லலை. பொண்ணுங்களுக்கும் இந்த நோய் வரும், அவங்க நிலைமையை நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ் கட்டுவாங்க. ஆனா தினமும் உட்கார முடியாதவன் எப்படி ஷேர் ஆட்டோவுல போவான்? இந்த நாள்கூலிக் கணக்கு எந்த ஆபரேஷன் பில்லுலயும் வராது. 'இலவசம்'னு எழுதின ஆபரேஷன்தான் இவனுக்கு எல்லாத்தையும் விட அதிக விலை ஆகலாம்.

அதே சமயம் என்னை மாதிரி தோலைத் திருப்பித் தைச்சா ரெண்டு வாரம் ஜாக்கிரதையா படுத்து, ஒரு மாசம் போல தண்ணிப் பக்கம் போகாம இருக்கணும். திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி. கிள்ளி எடுத்தா சில நாள்ல நடமாட்டம், சின்னப் புண்ணுதான், ஆனா ஆறுல ஒரு பங்கு திரும்ப வரலாம். இதை அவன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான்.

"ஆறுல ஒண்ணு பரவால்லண்ணா. வலையில அதை விட மோசமா வரும்."

என் முடிவு வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா முடிவு அவன்து. அவனை உட்கார வச்சு (படுக்க வச்சு!) இந்த ரெண்டு வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. லட்ச ரூபாய் பேக்கேஜ் சொல்ல மட்டும் போன்ல அவ்வளவு மரியாதையா ஒரு பொண்ணு பேசுதாம், "சார் சார்"னு.

கட்டி இப்போ பழுத்திருக்கு. பழுத்த கட்டிக்கு முதல் வேலை கீறி சீழை எடுக்கறதுதான், அதுவும் நடுவுல இல்லாம ஒரு பக்கமா. பெரிய ஆபரேஷன் அன்னைக்கே பண்ணத் தேவையில்லை. வீக்கம் வடிஞ்ச அப்புறம் எத்தனை ஓட்டை, எவ்வளவு தூரம் பாதைன்னு பாத்துத்தான் எதுன்னு பேசணும். அதனால திங்கக்கிழமை காலையில பொன்னேரிக்குக் கூட்டிப் போய் கீறிட்டு வந்தோம். பத்து நிமிஷ வேலை. கார் பின் சீட்ல குப்புறப் படுத்துக்கிட்டே வந்தவன் திரும்பும்போது ஒருக்களிச்சு உட்கார்ந்து பிரியாணி கேட்டான்.

அடுத்த வியாழக்கிழமை மெட்ராஸ்ல சர்ஜரி ஓபி. ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கேன்: தைக்கறதா இருந்தா தையல் எங்க வரும், நடுவுலயா பக்கத்துலயா? இதை நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, எத்தனை பேர் திரும்ப வந்தாங்க? நான் எத்தனை நாள் கழிச்சு தண்ணியில இறங்கலாம்? மூணாவது கேள்வி அவனே சேர்த்தது. செயினைத் திருப்பறதுக்கு வட்டி நான் கட்டிட்டேன், சித்தி இன்னும் அழுக்கு எடுக்கக் குடுத்ததாத்தான் சொல்றாங்க.

பி.கு: லேசர் பண்ணி அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, நல்லா இருக்கேன்னு யாராவது இருந்தா எழுதுங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும். பேர் போட வேணாம், புரியுது :-)